எறும்பு, ஆர்க்டிக், ஓர் ஏ: அண்டார்க்டிகாவை ஆங்கிலத்தில் சரியாக எழுத

பாளையங்கோட்டையில் டி.டி.பி., ஃபிளக்ஸ் வேலை பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கு நடுவே, பள்ளிக்கூடங்களில் அறிவியல் கண்காட்சி வந்துவிட்டால் ஒரு வாரம் பென்குயினும் எரிமலையுமாகத்தான் போகும். அப்படி ஒரு வருஷம் பத்துக்கு நாலு அடியில் ஒரு ஃபிளக்ஸ் அடித்தேன். இளநீலப் பின்னணி, ஏழெட்டு பென்குயின், மேலே முழுக்கப் பெரிய எழுத்தில் கண்டத்தின் பெயர். வாங்க வந்த டீச்சரும் எட்டாம் வகுப்புப் பையனும் கடை வாசலில் விரித்துப் பார்த்தார்கள்.

“அண்ணாச்சி, இதுல ரெண்டு சி வரணும்லா? ஒண்ணுதான இருக்கு” என்றான் பையன்.

“நல்லாப் பாருல, கடைசில இருக்கு.”

“கடைசில இருக்கு. நடுவுல எங்க?”

டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் எழுதித் தந்த தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் சரியாகத்தான் இருந்தது. விட்டது நான். இத்தனைக்கும் அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அடித்தேன். கண் தாளில் இருந்தாலும், கை காதில் கேட்டதைத்தான் அடித்திருக்கிறது.

வேறு ஃபிளக்ஸ் அடித்துக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து இந்தப் பெயரை எங்கே பார்த்தாலும் கண் நின்றுவிடும். புராஜெக்ட் அட்டை, கட்டுரைப் போட்டித் தாள், கல்லூரிக் கருத்தரங்க மலர் என்று பத்து பேர் எழுதினால் நாலு பேர் தடுமாறுகிறார்கள். தடுமாறும் இடங்கள் இரண்டு: போட வேண்டிய ஒரு ‘சி’யை விடுவது, பெயருக்கு முன்னால் போடக் கூடாத இடத்தில் ‘தி’ என்ற ஆங்கிலச் சொல்லைப் போடுவது. இரண்டுமே தமிழ்க் காது செய்யும் வேலை. தமிழில் படித்து ஆங்கிலத்தில் எழுத இப்போதுதான் இறங்கியிருப்பவர்களுக்கும், என்னைப் போல அடுத்தவர் எழுதியதை அடித்துக் கொடுப்பவர்களுக்கும் ஆகட்டும் என்று, நான் பழகிய வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் காதைச் சரிசெய்யுங்கள்

எழுத்துக்கூட்டல் பிறகு. முதலில் வாயால் சொல்லிப் பாருங்கள். நம் பத்திரிகைகள் பெரும்பாலும் ‘அண்டார்டிகா’ என்றே போடுகின்றன. ஆர்க்டிக் என்று எழுதும்போது க் போடுகிற அதே கை, தெற்கே போகும்போது அதைக் கழற்றிவிடுகிறது. சின்ன வயதிலிருந்து அப்படியே படித்துக் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால், காதில் இல்லாத எழுத்து கையில் எப்படி வரும்?

க் ஏன் விழுகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. தமிழில் க் தன்னோடு மட்டும்தான் சேரும்: அக்கா, பக்கம், பார்க்க. அதற்குப் பின்னால் ட் வருவது நம் சொற்களில் கிடையாது. ஆனாலும் டாக்டர், டிராக்டர் என்று சொல்லிச் சொல்லி அந்தச் சேர்க்கை நாக்குக்குப் பழகிவிட்டது. ர், க், ட் மூன்றும் முட்டிக்கொண்டு வரும்போதுதான் நாக்கு நடுவில் இருப்பதைத் துப்பிவிடுகிறது.

இதற்கு நான் வைத்திருக்கும் மருந்து ‘பார்க் டிக்கெட்’. வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ஆர்க், டிக் இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. பார்க் டிக்கெட் என்று தடங்கல் இல்லாமல் சொல்லும் வாய்க்கு ஆர்க்டிக் வராமல் போகாது. அப்புறம் முன்னால் ‘ஆன்ட்’ சேர்த்து ஆன்ட்-ஆர்க்-டி-கா. அழுத்தம் இரண்டாவதில், அந்த ‘ஆர்க்’கில் விழ வேண்டும். அங்கே அழுத்திவிட்டால் க் தப்பிக்க முடியாது.

ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களிலும் பேச்சில் இந்த க்-கை விழுங்குபவர்கள் நிறையப் பேர். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது இந்தச் சொல்லில் நடுச் ‘சி’ இல்லாமலேயே இருந்தது. பிற்காலத்தில் லத்தீனைப் பார்த்துத் திரும்பச் சேர்த்தார்கள். அதனால் பேச்சில் விழுவதைச் சில அகராதிகளே பொறுத்துக்கொள்கின்றன. எழுத்தில் விட்டால் பிழைதான்.

எறும்பைப் பிடியுங்கள்

மொத்தம் பத்து எழுத்து: ஏ, என், டி, ஏ, ஆர், சி, டி, ஐ, சி, ஏ. இதை நெட்டுருப் போட வேண்டாம், மூன்றாக உடைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்றெழுத்து ‘ஆன்ட்’, ஆங்கிலத்தில் எறும்பு. அடுத்த ஆறெழுத்து ஆர்க்டிக். கடைசியில் தனியாக ஓர் ஏ. தாளில் எழுதும்போது முதலில் நடுவில் ஆர்க்டிக் என்று எழுதி, பிறகு இடப்பக்கம் எறும்பு, வலப்பக்கம் ஏ என்று இரண்டு நாள் எழுதிப் பார்த்தால் போதும். எழுதி முடித்ததும் எண்ணிப் பாருங்கள்: ஏ மூன்று, சி இரண்டு, டி இரண்டு. சி ஒன்றுதான் தேறுகிறது என்றால் என் ஃபிளக்ஸ் கதைதான்.

சிலர் ‘ஆன்ட்’ இடத்தில் ‘ஆன்டி’ என்று நான்கெழுத்து போடுவார்கள். அர்த்தம் தெரிந்தவர்கள் செய்யும் தவறு இது. எதிர் என்று பொருள்படும் அந்த முன்னொட்டு, உயிரெழுத்துக்கு முன்னால் வரும்போது தன் கடைசி ஐ-யை இழந்துவிடும்.

மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள்

எதற்கு எதிர்? இதைக் கண்ணால் பார்க்க நம் ஊரைப் போல வசதி ஐரோப்பாவில்கூட இல்லை. மே மாத நடுவில், அக்னி நட்சத்திரப் புழுக்கத்தில் கரண்ட் போய் எல்லோரும் பாயோடு மாடிக்கு ஏறியிருக்கும் நேரம், இரவு ஒன்பது மணி வாக்கில் வடக்கே பாருங்கள். ஏழு நட்சத்திரம் அகப்பை போலத் தெரியும். நாம் சப்தரிஷி மண்டலம் என்போம். கிரேக்கர்களுக்கு அது ஒரு பெருங்கரடியின் உடம்பில் ஒரு பகுதி. கரடிக்கு அவர்கள் மொழியில் ஆர்க்டோஸ். கரடி நட்சத்திரம் இருக்கும் திசை ஆர்க்டிக்.

படுத்த இடத்திலேயே தலையைத் தெற்கே திருப்புங்கள். நாங்குநேரிப் பக்கத்து வானத்தில், அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே நான்கு நட்சத்திரம் சிலுவை போல நிற்கும். நம்மவர்கள் திரிசங்கு என்பது அதைத்தான். கரடிக்கு நேர் எதிர்ப்பக்கமான அந்தத் திசைதான் ஆன்ட்-ஆர்க்டிக். திருநெல்வேலி நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது பாகைக்குள் இருப்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே பாயில் கிடந்தபடி பார்த்துவிடலாம். லண்டன்காரருக்குத் தென்சிலுவை என்றைக்கும் அடிவானத்துக்கு மேலே வராது.

இதைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு குழப்பமும் தீரும். பனிக்கரடி வடக்கே. பென்குயின் தெற்கே. வெள்ளைக் கரடியைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, வானத்துக் கரடியைப் பார்த்து வைத்தது. ஆனால் நினைவு வைத்துக்கொள்ளத் தோதாக அமைந்துவிட்டது. கரடிக்கு எதிர்ப்பக்கம் என்று பெயரே சொல்லும்போது அங்கே போய்க் கரடியை நிறுத்தலாமா? ஒரு தடவை கூந்தன்குளத்துக்கு வரும் பறவைகளைப் பற்றி ஒரு புராஜெக்ட் அடிக்க வந்தது. பட்டைத்தலை வாத்து அண்டார்க்டிகாவிலிருந்து பறந்து வருவதாக எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டல் அட்சரம் பிசகவில்லை. பாவம், அந்த வாத்து மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வருவது.

‘தி’ எங்கே வரும், எங்கே வராது

நிறைய பேர் விழுவது இங்கேதான். தமிழில் ‘தி’க்கு ஈடாக ஒன்றும் இல்லாததால், எங்கெல்லாம் கொஞ்சம் கம்பீரமாகத் தோன்றுகிறதோ அங்கெல்லாம் போட்டுவிடுகிறோம்.

கண்டத்தின் பெயர் ‘ஏ’யில் முடியும் அண்டார்க்டிகா. அது ஒரு நிலத்தின் பெயர், ஊர்ப்பெயர் மாதிரி. ‘தி திருநெல்வேலி’ என்று எழுதுவீர்களா? ‘தி ஆசியா’, ‘தி ஆப்பிரிக்கா’ என்று யாராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? அதே கதைதான். அண்டார்க்டிகாவுக்கு முன்னால் ‘தி’ வராது.

கடைசி ஏ இல்லாத அண்டார்க்டிக் ஒரு வட்டாரத்தின் பெயர். கண்டமும் அதைச் சுற்றிய கடலும் தீவுகளும் சேர்ந்த பகுதி. இதற்கு ‘தி’ கட்டாயம். நாம் ‘தெக்கத்திச் சீமை’ என்று சொல்வது எந்த ஊரையும் தனியாகக் குறிக்காமல் ஒரு பக்கத்தையே குறிக்கிறது அல்லவா, அந்த மாதிரி. ஆங்கிலத்தில் தாமிரபரணி ஆற்றுக்கும், மேற்குத் தொடர்ச்சி மலைக்கும், மன்னார் வளைகுடாவுக்கும் ‘தி’ உண்டு. பாளையங்கோட்டைக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் கிடையாது. அண்டார்க்டிகா பாளையங்கோட்டைக் கட்சி, அண்டார்க்டிக் தாமிரபரணிக் கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது எதைப் போடுவது என்று சந்தேகம் வந்தால் கடல் வருகிறதா என்று பாருங்கள். திமிங்கிலம், கிரில் என்னும் இறால் மாதிரி உயிரி, கப்பல் என்று எழுதுகிறீர்களா? ‘தி’ போட்டு அண்டார்க்டிக். நிலத்தின் மேல் கிடக்கும் பனி, மலை, ஆய்வு நிலையம் என்றால் ‘தி’ இல்லாமல் அண்டார்க்டிகா. ஆங்கிலத்திலேயே இரண்டையும் கலந்து எழுதுபவர்கள் உண்டு. புதிதாக எழுதுபவர்கள் இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டால் தப்பு வராது.

வடக்கே இந்தச் சிக்கலே கிடையாது. அங்கே நடுவில் கடல், சுற்றிலும் நிலம். கண்டம் இல்லாததால் கண்டப் பெயரும் இல்லை. எனவே எப்போதும் ‘தி ஆர்க்டிக்’தான். தெற்கைப் பார்த்து வடக்குக்கும் ஓர் ஏ ஒட்டி ‘ஆர்க்டிகா’ என்று எழுதிவிடாதீர்கள்.

ஒரு நுணுக்கம். ‘அண்டார்க்டிகாதான் மிகக் குளிர்ந்த கண்டம்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ‘தி’ வரும். அது ‘மிகக் குளிர்ந்த’ என்பதற்குச் சொந்தமானது, பெயருக்குச் சொந்தமில்லை. அந்த வாக்கியத்தைப் பார்த்துக் குழம்பி, பெயருக்கு முன்னாலும் ஒன்று கொண்டுபோய் வைப்பவர்கள் இருக்கிறார்கள். (அங்கே ரஷ்யர்களின் வோஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று மைனஸ் 89.2 டிகிரி பதிவானது. நம் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதனைக்கு வைத்திருக்கும் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253. ஆகவே ‘உலகிலேயே குளிர்ந்தது’ என்று எழுதும்போது ‘கண்டம்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். மகேந்திரகிரிக்குப் பக்கத்துப் பணகுடிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.)

அடைமொழியாக வரும்போது

வேறொரு சொல்லுக்கு முன்னால் நின்று அதை விளக்கினால் கடைசி ஏ-யைக் கழற்ற வேண்டும். அண்டார்க்டிக் வட்டம், அண்டார்க்டிக் தீபகற்பம், அண்டார்க்டிக் ஒப்பந்தம்.

இதை மறக்காமல் இருக்க அந்த ஒப்பந்தமே உதவும். 1959 டிசம்பர் 1-இல் வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்டன, 1961-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் தலைப்பில் இருப்பது ஏ இல்லாத அண்டார்க்டிக், பின்னால் ‘ட்ரீட்டி’ வருகிறதே. முதல் பிரிவின் முதல் சொல்லோ ஏ போட்ட அண்டார்க்டிகா, ‘தி’ இல்லாமல்: அமைதியான நோக்கங்களுக்கு மட்டுமே அது பயன்பட வேண்டும் என்று தொடங்குகிறது. தலைப்பில் ஒன்று, முதல் சொல்லில் ஒன்று. இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நம் நாட்டுப் பெயர்களிலும் இதே ஒழுங்கு உண்டு. 1982 ஜனவரியில் எஸ். இசட். காசிம் தலைமையில் முதல் இந்தியக் குழு போய் இறங்கியது. ஆண்டுதோறும் போகும் இந்தப் பயணத்தின் அதிகாரப்பூர்வப் பெயரில் ‘டு அண்டார்க்டிகா’ என்று கடைசியில் வருவதால் ஏ உண்டு. 2022-இல் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தின் பெயரில் ‘ஆக்ட்’ என்ற சொல்லுக்கு முன்னால் நிற்பதால் ஏ இல்லை. பின்னால் ஒரு பெயர்ச்சொல் நிற்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

‘ஓர் அண்டார்க்டிக் பயணம்’ என்று எழுதும்போது ஒற்றை ஏ போடாமல் ஏ-என் போட வேண்டும். தமிழில் ‘ஓர் ஊர்’ என்கிறோமே, அதே காரணம்தான்.

நம் ‘இல்’, அவர்களின் மூன்று

கண்டத்தில், நிலையத்தில், துருவத்தில் என்று ஒரே ‘இல்’லை வைத்துக்கொண்டு நாம் சமாளித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அண்டார்க்டிகாவுக்கு முன் ‘இன்’. ‘ஆன்’ போட்டால் தீவின் மேல் ஏறி நிற்பது போலத் தொனிக்கும். ஆனால் ‘கண்டம்’ என்ற பொதுச்சொல்லைப் போட்டு எழுதினால் அதற்கு ‘ஆன்’தான் சரி. நம் நாட்டின் மைத்ரி, பாரதி போன்ற ஆய்வு நிலையங்களுக்கும் தென்துருவத்துக்கும் ‘அட்’.

தென்துருவம் என்பது ஒரு புள்ளி, கண்டம் என்பது ஏறத்தாழ 1.4 கோடி சதுர கிலோமீட்டர் நிலம். தமிழில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகிவிட்டதால், ‘தென்துருவத்தில் உள்ள நமது மைத்ரி நிலையம்’ என்று ஆங்கிலத்திலும் எழுதிவிடுகிறோம். 1989 முதல் இயங்கும் மைத்ரி இருப்பது ஏறக்குறைய 71 பாகைத் தென் அட்சரேகையில். அங்கிருந்து துருவம் 2,000 கிலோமீட்டருக்கு மேல். நெல்லையிலிருந்து டில்லிக்கு நேர்கோடு போட்டால் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். பாளையங்கோட்டை மார்க்கெட்டை டில்லியில் இருக்கிறது என்று எழுதினால் எப்படி இருக்கும்?

சில்லறை விஷயங்கள்

முதல் எழுத்து எப்போதும் பெரிய எழுத்து, அண்டார்க்டிக் என்று அடைமொழியாக வந்தாலும். நாடு என்று எழுதக் கூடாது. அங்கே அரசும் இல்லை, குடிமக்களும் இல்லை. ஏழு நாடுகள் உரிமை கோரியிருக்கின்றன, அந்தக் கோரிக்கைகளை ஒப்பந்தம் அப்படியே நிறுத்திவைத்திருக்கிறது. வரி முடிவில் சொல் உடைந்தால் ‘ஆன்ட்’டுக்குப் பின்னாலோ ‘ஆர்க்’குக்குப் பின்னாலோ உடையுங்கள். நடுச் சி-யை ஆரிலிருந்து பிரித்து அடுத்த வரிக்குத் தள்ளாதீர்கள், அங்கே போனால் தொலைந்துவிடும்.

அச்சுக்குப் போகும் முன்

என் ஃபிளக்ஸில் பிழை தப்பியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்தால், எழுத்துப் பிழை காட்டும் சிவப்புக் கோடு பல மென்பொருள்களில் வராது. பெரிய எழுத்துச் சொற்களை விட்டுவிடும்படி அமைப்பே அப்படி இருக்கும். ஆகையால் முதலில் சாதாரணமாக, முதல் எழுத்தை மட்டும் பெரிதாக வைத்து அடியுங்கள். கோடு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பெரிதாக்குங்கள். டிசைன் வேலை செய்பவர்கள் எழுத்தைக் ‘கர்வ்’ ஆக்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். கர்வ் ஆக்கிய பிறகு அது எழுத்தில்லை, படம். திருத்துவது பெரும்பாடு.

கடைசியாக, சொல்லைப் பின்னாலிருந்து படியுங்கள்: ஏ, சி, ஐ, டி, சி, ஆர், ஏ, டி, என், ஏ. முன்னாலிருந்து படித்தால் மூளை தனக்குத் தெரிந்ததைப் படித்துக்கொண்டு போய்விடும். பின்னாலிருந்து படிக்கும்போது இரண்டாவது சி, ஆருக்கும் டிக்கும் நடுவில் இருக்கிறதா இல்லையா என்பது மறைக்க வழியில்லாமல் தெரியும்.

தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். அண்டார்டிகா என்று எழுதினால் யாரும் தப்பு என்று சொல்லப்போவதில்லை, வழக்கில் ஊன்றிவிட்டது. நான் இப்போது க் போட்டு எழுதுகிறேன். அந்தப் பையன் கல்லூரிக்குப் போன பிறகும் ஏதாவது அடிக்க வேண்டும் என்றால் கடைக்கு வருகிறான். வேலையை வாங்கிப் பார்த்து முடித்ததும், “அண்ணாச்சி, சி எல்லாம் இருக்குல்லா?” என்று கேட்டுவிட்டுத்தான் காசை எடுப்பான்.